பாரிசில் எங்கே தங்குவது?

ஐவர் அடங்கிய ஒரு சிங்கப்பூர்க் குடும்பம் ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் முதன்முறையாகப் பாரிசுக்குச் செல்லத் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள், தொடக்கப்பள்ளியில் படிக்கும் மகன், எழுபது வயதைத் தாண்டிய பாட்டி. விமானச் சீட்டுகளை வாங்கியாகிவிட்டது. இனித் தங்குமிடம்தான் பாக்கி. மகள் கைப்பேசியில் தேடி, வாடகைக்கு விடப்படும் ஓர் அடுக்குமாடி வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். வெள்ளைச் சுவர், மரத்தரை, நகரத்தின் கூரைகளைப் பார்த்தபடி சன்னல். ஐந்து பேரும் ஒன்றாகத் தங்கலாம். இரண்டு ஹோட்டல் அறைகளை எடுப்பதைவிட வாடகையும் குறைவு. அன்றிரவே பணம் கட்டிவிடலாம் என்கிறார் அப்பா.

வீட்டைப் பற்றிய விவரத்தின் அடியில், சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ஐந்தாம் மாடி, மின்தூக்கி இல்லை.

பாட்டிக்கு மூட்டுவலி. "எனக்காக ஏன் யோசிக்கிறீங்க? ஒரு தடவை மெதுவா ஏறிட்டா போதும். நான் வீட்டுலயே இருந்துக்கிறேன். நீங்க எல்லாரும் சுத்திட்டு வாங்க" என்கிறார் அவர். நல்ல மனத்துடன்தான் சொல்கிறார். ஆனால், பதின்மூன்று மணிநேரத்துக்கும் மேலாக விமானத்தில் பறந்து சென்று, ஒரு சன்னலுக்கு அருகில் ஐந்து நாள் உட்கார்ந்திருப்பதற்கா அவர் பாரிசுக்குச் செல்கிறார்?

மாடிக் கணக்கிலேயே முதல் சிக்கல் இருக்கிறது. சிங்கப்பூரில் தரைத்தளத்தையே முதல் தளம் என்று எண்ணுகிறோம். பிரான்சில் தரைத்தளம் கணக்கில் சேராது. அதற்கு மேலே இருப்பதுதான் முதல் மாடி. ஆகவே, பாரிசின் ஐந்தாம் மாடி நம் கணக்கில் ஆறாம் தளம். ஏறத்தாழத் தொண்ணூறு, நூறு படிகள். ரொட்டி வாங்க இறங்கினாலும் அதே படிகள்தாம். மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பினாலும் அதே படிகள்தாம்.

வளர்ச்சியடைந்த ஒரு நாட்டின் தலைநகரில் ஏன் இந்த நிலை? பாரிசின் பெரும்பாலான கட்டடங்கள் மின்தூக்கி பரவலாவதற்கு முன்பே கட்டப்பட்டவை. 1853ஆம் ஆண்டு முதல் 1870ஆம் ஆண்டு வரை, மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில், ஓஸ்மான் என்ற நிர்வாகி பழைய குறுகிய தெருக்களை இடித்து அகலமான சாலைகளை அமைத்தார். அச்சாலைகளின் இருபுறமும் ஒரே உயரத்தில் கல் கட்டடங்கள் எழுந்தன. அந்தக் காலத்தில் செல்வர்கள் கீழ்மாடிகளில், குறிப்பாக இரண்டாம் மாடியில், வசித்தார்கள். கூரைக்கு அடியில் இருந்த சிறிய அறைகளில் பணிப்பெண்கள் தங்கினார்கள். மேலே ஏற ஏற வாடகை குறைந்தது. மின்தூக்கி வந்தபிறகு நிலைமை தலைகீழானது. மேல்மாடிக்கு இப்போது மதிப்பு அதிகம். எனினும், எல்லாக் கட்டடங்களிலும் மின்தூக்கியைப் பொருத்த இடமில்லை. பொருத்தப்பட்ட இடங்களிலும், சுழன்று செல்லும் படிக்கட்டின் நடுவில் இருந்த குறுகிய வெற்றிடத்தில்தான் அதை நுழைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் நெருங்கி நிற்கலாம். அல்லது ஒருவரும் ஒரு பயணப்பெட்டியும் போகலாம். 'மின்தூக்கி உண்டு' என்ற குறிப்பை மட்டும் நம்பி, சக்கர நாற்காலியுடன் சென்றவர் வாசலில் திகைத்து நிற்க நேரிடும்.

மகளுக்குப் பிடித்த அந்தக் கூரைக் காட்சியிலும் ஒரு செய்தி மறைந்திருக்கிறது. பாரிசின் சாம்பல் நிறக் கூரைகள் துத்தநாகத் தகடுகளால் ஆனவை. அவற்றை வேயும் தொழில்திறனை யுனெஸ்கோ 2024ஆம் ஆண்டில் மனித குலத்தின் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. பார்க்க அழகான அத்தகடுகள் கோடையில் வெயிலை வாங்கி, அடியில் உள்ள அறைகளைச் சூடாக்குகின்றன. 2019ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி பாரிசில் வெப்பநிலை 42.6 பாகை செல்சியசை எட்டியது. சிங்கப்பூரில் இதுவரை அப்படியொரு வெப்பம் பதிவானதே இல்லை. 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத வெப்ப அலையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் மிகப் பலர் முதியவர்கள். ஐரோப்பா என்றாலே குளிர் என்று எண்ணிக் கம்பளிச் சட்டையை எடுத்து வைப்பவர்கள், குளிர்சாதன வசதி இருக்கிறதா என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். பாரிசின் பழைய வீடுகளில் அது இல்லாமல் இருப்பதே வழக்கம். ஹோட்டல்களிலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நம் ஊரில் கேட்கத் தேவையில்லாத கேள்வி அது. அங்கே கேட்டே ஆக வேண்டும்.

சரி, அந்த வீடு வேண்டாம். அப்படியானால் வேறு எங்கே?

பாரிசின் வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் அதன் அமைப்பு எளிதில் புரியும். செய்ன் ஆறு நகரத்தின் குறுக்கே வளைந்து ஓடுகிறது. ஆற்றின் வடபகுதியை வலக்கரை என்றும் தென்பகுதியை இடக்கரை என்றும் சொல்வார்கள். 1860ஆம் ஆண்டு முதல் நகரம் இருபது வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. லூவர் அரும்பொருளகம் இருக்கும் நடுப்பகுதி முதலாம் வட்டாரம். அங்கிருந்து நத்தையின் ஓட்டைப் போலச் சுழன்று சுழன்று எண்கள் வெளியே செல்கின்றன. முகவரியின் அஞ்சல் குறியீட்டைப் பார்த்தாலே வட்டாரம் தெரிந்துவிடும்: 75005 என்றால் ஐந்தாம் வட்டாரம், 75018 என்றால் பதினெட்டாம் வட்டாரம். 75 என்று தொடங்காத முகவரி பாரிஸ் நகர எல்லைக்குள் இல்லை. 'பாரிசுக்கு மிக அருகில்' என்று விளம்பரம் செய்யும் ஹோட்டல் எங்கே இருக்கிறது என்பதை அந்த இரண்டு இலக்கங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

நகரமும் நாம் நினைப்பதுபோல் பெரியதன்று. இருபது வட்டாரங்களும் சேர்ந்து ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டர். அதாவது சிங்கப்பூரின் பரப்பளவில் ஏழில் ஒரு பங்குதான். நோத்ர் டாம் தேவாலயத்திலிருந்து ஐஃபல் கோபுரத்துக்கு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். எனவே, புகழ்பெற்ற இடத்தின் பக்கத்திலேயே தங்க வேண்டும் என்று அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. ரயில் நிலையமோ பேருந்து நிறுத்தமோ ஐந்து நிமிட நடையில் இருக்கிறதா, எத்தனை முறை ரயில் மாற வேண்டும் என்பவையே முக்கியம்.

ரயில் என்றதும் சிங்கப்பூர் மாணவர்கள் நம் பெருவிரைவு ரயிலை நினைத்துக்கொள்வார்கள். பாரிசின் சுரங்க ரயில் அதைவிட மிகவும் மூத்தது. அதன் முதல் தடம் 1900ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருப்பதால் நகருக்குள் எங்கே நின்றாலும் ஒரு நிலையம் அருகில் இருக்கும். இது பெரிய வசதி. ஆனால், பழைய நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்தூக்கி கிடையாது. ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு மாற, நீண்ட நடைபாதைகளில் நடந்து படிகளில் ஏறி இறங்க வேண்டும். 1998ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 14ஆம் தடத்தில் மட்டும் எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. அது 2024ஆம் ஆண்டு முதல் ஓர்லி விமான நிலையம் வரை செல்கிறது.

பாட்டியைப் போன்றவர்களுக்குப் பேருந்தே நல்லது. நகரப் பேருந்துகள் தாழ்தளப் பேருந்துகள். படி ஏற வேண்டியதில்லை. சன்னலோரத்தில் அமர்ந்து ஊரையும் பார்க்கலாம். 69ஆம் எண் பேருந்து ஐஃபல் கோபுரத்தின் புல்வெளிக்கு அருகில் புறப்பட்டு, லூவர், பஸ்தீய் சதுக்கம் வழியாகக் கிழக்கே செல்கிறது. சுற்றுலாப் பேருந்துக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பகுதிதான் அதற்கு ஆகும். சுரங்க ரயிலில் சென்றவர் பார்த்தது இருட்டை மட்டுமே.

அடுத்து, விமான நிலையம். சிங்கப்பூரிலிருந்து செல்லும் நேரடி விமானங்கள் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்தில் இறங்கும். அங்கிருந்து ஆர்இஆர் பி என்ற வட்டார ரயில் நகரத்தை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து செல்கிறது. அந்தத் தடத்தின் அருகில் தங்கினால், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரயில் மாற வேண்டியதில்லை. டாக்சிக்கு நிலையான கட்டணம் உண்டு. இந்த விமான நிலையத்திலிருந்து வலக்கரைக்குக் கட்டணம் குறைவு, இடக்கரைக்கு அதிகம். ஓர்லியிலிருந்து வந்தால் அது நேர்மாறு. ஐந்தாவது பயணிக்குத் தனிக்கட்டணம் கேட்பார்கள். அது ஏமாற்று வேலையன்று, விதிமுறைதான்.

இனி வட்டாரங்களைப் பார்ப்போம். ஏழாம் வட்டாரத்தில் ஐஃபல் கோபுரம் இருக்கிறது. அமைதியான, செல்வர்கள் வாழும் பகுதி. அங்கே தங்கினால் இரவில் கோபுரம் ஒளிர்வதைப் பார்க்கலாம். வாடகை கையைச் சுடும். மூன்றாம், நான்காம் வட்டாரங்களில் விரிந்திருக்கும் மரே பகுதி ஓஸ்மானின் இடிப்புக்குப் பெரிதும் தப்பிய பழைய பாரிஸ். குறுகிய தெருக்களும், 1612ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட வோஜ் சதுக்கமும் அங்கேதான் உள்ளன. மகள் கண்டுபிடித்த வீடும் அங்கேதான். மின்தூக்கி இல்லாததற்கு அதன் பழைமையே காரணம். பதினெட்டாம் வட்டாரத்தின் மோன்மார்த்ர் ஒரு குன்று. வெள்ளைத் தேவாலயம், ஓவியர்கள் வாழ்ந்த தெருக்கள் என்று அழகு நிறைந்த இடம்தான். ஆனால், உச்சிக்குச் செல்லும் இழுவை ரயிலின் பக்கத்தில் இருக்கும் படிகள் 222. ஒருநாள் மாலை சென்று பார்க்கலாம். மூட்டுவலி உள்ளவரை அங்கே தங்க வைக்கலாகாது.

நகரத்துக்கு வெளியே மேற்கில் லா தெபோன்ஸ் என்ற வணிகப் பகுதி இருக்கிறது. அலுவலகங்கள் மூடும் வார இறுதிகளில் அங்குள்ள ஹோட்டல்களில் விலை இறங்குவதுண்டு. 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல், விமான நிலையப் பயணம் நீங்கலாக, வட்டாரம் முழுவதும் சுரங்க ரயிலுக்கும் ஆர்இஆர் ரயிலுக்கும் ஒரே சீட்டுக் கட்டணம் என்றாகிவிட்டது. அதனால், தள்ளித் தங்குபவர் ரயிலுக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை. நேரம்தான் செலவாகும். நண்பகலில் களைத்துப்போன பாட்டியோ பையனோ சற்றுப் படுத்து எழ வேண்டும் என்றால், தொலைவில் உள்ள அறை உதவாது. சீனர்களும் வியட்னாமியர்களும் கடைகள் வைத்திருக்கும் பதின்மூன்றாம் வட்டாரம் விலையில் நடுத்தரம். சோற்றுக்கும் நூடல்சுக்கும் அங்கே பஞ்சமில்லை.

பத்தாம் வட்டாரத்தில், லண்டன் ரயில் வந்து நிற்கும் கார் து நோர் நிலையத்துக்கு வடக்கே நடந்தால், கடைப் பலகைகளில் திடீரென்று தமிழ் எழுத்துகள் தென்படும். லா ஷப்பல் என்ற இப்பகுதியை அங்குள்ள தமிழர்கள் 'லாச்சப்பல்' என்று ஒரே சொல்லாகச் சொல்கிறார்கள். 1980களிலிருந்து போரினால் இலங்கையை விட்டு வெளியேறிய தமிழர்கள் இங்கே மளிகைக்கடைகள், உணவகங்கள், நகைக்கடைகள் ஆகியவற்றை நடத்தத் தொடங்கினர். அருகிலுள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், கோடையின் முடிவில் இத்தெருக்களில் வலம் வரும். பாட்டி சைவம் உண்பவர் என்பதால், இங்கேயே தங்கிவிடலாமே என்று அம்மா சொல்கிறார். நியாயமான யோசனைதான். ஆர்இஆர் பி நேராக வந்து நிற்கும் இடம், வாடகையும் குறைவு. இந்தப் பகுதியைப் பற்றி 'அங்கே போகாதீர்கள்' என்று பயமுறுத்தும் கருத்துகளை இணையத்தில் நிறையப் பார்க்கலாம். பெரிய ரயில் நிலையம் எங்கே இருந்தாலும் கூட்டமும் இரைச்சலும் பிக்பாக்கெட்டும் இருக்கும்; கைப்பையை முன்னால் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். அதற்காக, ஆயிரக்கணக்கானோர் வாழும் ஒரு பகுதியையே ஒதுக்கிவிடுவது சரியாகுமா? இருப்பினும், சத்தத்தில் தூக்கம் வராத ஒருவருக்கு நிலையத்தை ஒட்டிய தெரு ஏற்றதன்று என்பதும் உண்மை.

ஐந்தாம் வட்டாரம் இலத்தீன் பகுதி எனப்படும். சோர்போன் பல்கலைக்கழகத்தில் முற்காலத்தில் இலத்தீன் மொழியில் பாடம் நடந்ததால் அப்பெயர். அதன் மேற்கு ஓரத்தில் லக்சம்பர்க் என்ற ஆர்இஆர் பி நிலையம் இருக்கிறது. நிலையத்தின் எதிரிலேயே லக்சம்பர்க் பூங்கா. அங்கே பச்சை நிற இரும்பு நாற்காலிகளை நூற்றுக்கணக்கில் போட்டிருப்பார்கள். கட்டணம் இல்லை. யார் வேண்டுமானாலும் ஒன்றை நிழலுக்கு இழுத்துப் போட்டு அமரலாம். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிவாக்கில்தான் சூரியன் மறையும். பிள்ளைகள் ஏதாவது அரும்பொருளகத்தில் இருக்கும்போது, பாட்டி மரநிழலில் உட்கார்ந்து சிறுவர்கள் குளத்தில் படகு விடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். லாச்சப்பலில் சாப்பிட வேண்டுமென்றால் அதே ரயிலில் மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கினால் போதும். 2019ஆம் ஆண்டில் தீப்பிடித்து, 2024ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர் டாம், சரிவான சாலையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். திரும்பும்போது மேடு என்பதால் பேருந்தில் வந்துவிடலாம்.

குறை என்னவென்றால், ஐந்து பேர் தங்கும் அறை ஹோட்டலில் கிடைப்பது அரிது. பாரிஸ் ஹோட்டல் அறை மிகச் சிறியது. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் பயணப்பெட்டியைத் திறக்க இடமிருந்தால் அதிர்ஷ்டம். இரண்டு அறைகள் எடுக்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இரவுக்கும் சுற்றுப்பயணி வரி வேறு. பிரான்சில் ஹோட்டலுக்கு வழங்கப்படும் நட்சத்திரங்கள் அறையின் அளவு, வசதிகள், சேவை ஆகியவற்றைக் கணக்கிடுகின்றன. தெருவின் அமைதியை அவை கணக்கிடுவதில்லை. அதற்கு, முன்பு தங்கியவர்களின் கருத்துகளைத்தான் படிக்க வேண்டும். ஒருவர் கோபத்தில் எழுதியதைவிட, வெவ்வேறு மாதங்களில் மூவர் ஒரே குறையைச் சொல்லியிருந்தால் அதை நம்பலாம்.

"அப்படியென்றால், மின்தூக்கி உள்ள வேறொரு வாடகை வீட்டை அதே வட்டாரத்தில் தேடலாமே" என்கிறாள் மகள். தேடலாம். ஆனால், அந்த வீடு சட்டப்படி வாடகைக்கு விடப்படுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பாரிசில் ஒருவர் தாம் வசிக்கும் வீட்டைச் சுற்றுப்பயணிகளுக்கு விட, நகராட்சி தரும் பதிவு எண் வேண்டும். விளம்பரத்தில் அந்த எண் இடம்பெற வேண்டும். ஆண்டுக்கு 120 நாள் என்றிருந்த உச்சவரம்பு 2025ஆம் ஆண்டு முதல் 90 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. குடியிருப்பவருக்கு மாத வாடகைக்கு விடுவதைவிடச் சுற்றுப்பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதில் இலாபம் அதிகம். அதனால் வீடுகள் கைமாறுகின்றன. அங்கே வேலை செய்பவர்களும் படிப்பவர்களும் தொலைதூரத்துக்குப் போகிறார்கள். கீழே இருந்த காய்கறிக்கடை, பயணப்பெட்டிகளைப் பாதுகாக்கும் கடையாக மாறுகிறது. ஸ்பெயினின் பார்சிலோனா நகரம் இன்னும் ஒருபடி மேலே போய், சுற்றுப்பயணிகளுக்கான வீட்டு உரிமங்களை 2028ஆம் ஆண்டுக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்திருக்கிறது. சிங்கப்பூரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இங்கே தனியார் வீட்டைக் குறைந்தது மூன்று மாதத்துக்கும், வீவக வீட்டைக் குறைந்தது ஆறு மாதத்துக்கும்தான் வாடகைக்கு விட முடியும். அடுத்த வீட்டில் வாரம் ஒரு புதுமுகம் வந்துபோவதை நம் புளோக்கில் எத்தனை பேர் விரும்புவார்கள்?

மகள் பார்த்த விளம்பரத்தில் பதிவு எண் இல்லை. அவள் வேறு எதுவும் சொல்லாமல் அந்தப் பக்கத்தை மூடுகிறாள்.

கடைசியில், லக்சம்பர்க் பூங்காவிலிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள ஒரு சிறிய ஹோட்டலில் இரண்டு அறைகள் கிடைக்கின்றன. செலவைச் சமாளிக்க ஏழு இரவுகளை ஐந்தாகக் குறைக்கிறார்கள். மகன் ஆசைப்பட்ட கேளிக்கைப் பூங்கா பட்டியலிலிருந்து போய்விடுகிறது. அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். முன்பதிவு செய்யுமுன் மகள் ஹோட்டலுக்கு மின்னஞ்சல் எழுதி நான்கு கேள்விகள் கேட்கிறாள். மின்தூக்கி எல்லா மாடிகளுக்கும் செல்கிறதா? தெருவிலிருந்து மின்தூக்கி வரைக்கும் படிகள் உள்ளனவா? அறையில் குளிர்சாதன வசதி உண்டா? தெருவைப் பார்க்காமல் உள்முற்றத்தைப் பார்த்தபடி அறை கிடைக்குமா?

மறுநாளே பதில் வருகிறது. மின்தூக்கி எல்லா மாடிகளுக்கும் செல்லும். இரண்டு பேர் மட்டுமே ஏறலாம். குளிர்சாதன வசதி உண்டு. உள்முற்றப் பக்க அறைகளை ஒதுக்கித் தருவார்கள். வாசலில் மட்டும் நான்கு படிகள். ஒரு பக்கம் கைப்பிடி இருக்கிறது.

மகள் அதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டுகிறாள்.

"நாலு படிதானே, ஏறிடலாம்" என்கிறார் பாட்டி. பிறகு சற்று யோசித்து, "கைப்பிடி எந்தப் பக்கம்னு கேளும்மா. எனக்கு இடது கால்தான் வலி" என்கிறார்.

மகள் மீண்டும் மின்னஞ்சல் எழுத உட்காருகிறாள்.